ரத்தம் வேண்டுமென்றால் பாலைக் குடியுங்கள்

மெத்தை எரிந்துகொண்டிருந்தது.

தேங்காய்நார் மெத்தை லேசில் தீப்பிடிக்காது. வெகுநேரம் புகையும். வார்டு பாய் மறுபடியும் மண்ணெண்ணெய் ஊற்றிய பிறகுதான் குப்பென்று பற்றியது. மேலே இருந்த ரெக்சின் உறை உருகிக் கறுப்பாகச் சொட்டியது. சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் வெள்ளை வெளேரென்று கொட்டிக் கிடந்தது. காலை வேளை. சீட்டு வாங்க நின்ற புறநோயாளிகள் வரிசை கலைந்து, ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வந்து வேடிக்கை பார்த்தது.

புகை பிரசவ வார்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அங்கே மெத்தை உருவப்பட்ட கட்டிலில், வெறும் இரும்புப் பட்டைகளின் மேல் பழைய சேலையை மடித்துப் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பிள்ளை பெற்றவள். குழந்தையின் முகத்தில் புகை படாமல் முந்தானையால் மூடியிருந்தாள்.

"சிஸ்டர், அது நான் படுத்திருந்த மெத்தைதானுங்களே? எதுக்குங்க கொளுத்தறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பிரசவம் பார்த்தவள் நான். என் கையில்தான் அந்தக் குழந்தை வந்து விழுந்தது. எனக்கே தெரியவில்லை.

வெளியே வார்டு பாய் எரிகிற மெத்தையைக் கழியால் புரட்டிக்கொண்டே யாருக்கோ பதில் சொன்னான். "உள்ள ஒரு பொம்பளைக்கு எய்ட்ஸுங்க. டாக்டர்தான் கொளுத்தச் சொன்னாரு."

அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். அப்படித்தான் எங்கள் இருவருக்கும் விஷயம் தெரிந்தது.

இந்த வாரப் பகுதியை எழுதுவதைப் பல முறை தள்ளிப்போட்டேன். கோபம் கொஞ்சம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று பத்திரிகை ஆசிரியரிடமும் சொன்னேன். அடங்குவதாக இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அவளுக்கு இதுதான் நடந்திருக்கும்.

நாங்கள் அறிந்த எய்ட்ஸ்

அந்த நோயைப் பற்றி முதலில் பத்திரிகையில்தான் படித்தோம். அமெரிக்கா என்றார்கள், ஆப்பிரிக்கா என்றார்கள். பிறகு மெட்ராஸிலேயே சில பெண்களுக்குக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அப்போதும் எங்களுக்கு அது வேறு யாருக்கோ வருகிற நோய்தான். நைட் டூட்டியில் டீ குடிக்கும்போது பேசிச் சிரித்திருக்கிறோம்.

ஒருநாள் மதியம் நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். ஜன்னல்களில் கருப்புத் துணி கட்டி ஸ்லைடு போட்டார். வெயிலும் இருட்டும் புழுக்கமுமாகப் பாதிப் பேர் தூங்கிப் போனோம். நான் தூங்கவில்லை. அவர் சொன்ன ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தக் கிருமி உள்ளே வந்தாலும் அதை எதிர்த்துச் சண்டை போட நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன இல்லையா? இந்தக் கிருமி அந்த வெள்ளை அணுவுக்குள்ளேயே போய்க் குடியிருந்து, அதை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொண்டு, கடைசியில் அதையே கொன்றுவிடுமாம். பிறகு சாதாரணக் காய்ச்சலும் சளியும்கூட ஆளை அடித்துப் போட்டுவிடும்.

"தொட்டால் பரவாது. பாத்திரத்தால், துணியால், காற்றால் பரவாது. ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு, அவ்வளவுதான்" என்றார். "ஒவ்வொரு பிரசவத்துக்கும் புது கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள்."

எங்கள் மேட்ரன் சிரித்தே விட்டார்.

ஏன் சிரித்தார் என்றால், அப்போது எங்களுக்கு கிளவுஸ் என்பது கழுவி, கொடியில் காயப்போட்டு, வாயால் ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, பவுடர் தடவி, மறுபடியும் வேகவைத்துப் போட்டுக்கொள்கிற சமாச்சாரம். விரல் நுனி கிழிந்தால் இன்னொரு கிழிந்த கிளவுஸிலிருந்து துண்டு வெட்டி ஒட்டுவோம். ஊசியும் அப்படித்தான். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, அடுத்தவருக்குப் போடுவோம்.

இந்த லட்சணத்தில்தான் அந்த ஜீப் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தது.

ஒரு குழாய் கூடுதலாக

ஆராய்ச்சிக் குழு என்றார்கள். நகரத்தில் ஏதோ ஒரு பெரிய நிறுவனம். பெயர் இங்கே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக ரத்தம் எடுக்கும்போது ஒரு குழாய் கூடுதலாக எடுத்துத் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. எதற்கு என்று கேட்டதற்கு 'பொதுவான சர்வே' என்றார்கள். கர்ப்பிணிகள் கேட்டால் 'சத்து இருக்கான்னு பாக்க' என்று சொல்லச் சொன்னார்கள். ரத்தம் கொடுத்தவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொஞ்சம் வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள்.

குழுவுக்குத் தலைவராக வந்தவர் இளவயசு டாக்டர். இனி அவரை ஆராய்ச்சி டாக்டர் என்றே எழுதுகிறேன். மரியாதையான ஆள். வெயிலில் வந்தாலும் சட்டைக் கை மடிக்க மாட்டார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்ப்பது ஒன்றுதான் அவர் குணத்தில் எனக்குப் பிடிக்காதது. அதற்கும் காரணம் உண்டு என்று பின்னால் தெரிந்தது. வெள்ளை அணுக்களை எண்ண வேண்டுமானால் ரத்தம் புதுசாக இருக்கவேண்டும். எடுத்த அன்றைக்கே நகரத்து லேபுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கூடுதலாக ஒரு குழாய் கொடுத்தவர்களில் ஒருத்திதான் சாலம்மாள். எல்லோரும் சாலா என்று கூப்பிடுவார்கள். இண்டூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். மானாவாரிக் காட்டில் நிலக்கடலையும் ராகியும் போடுகிற குடும்பம். இரண்டு கறவை மாடு. அவள் புருஷன் மாது அதிகம் பேசாதவன். இவள் அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். அந்தக் கர்ப்ப காலத்தில் மட்டும் ஜீப் அவளிடம் பல தடவை ரத்தம் எடுத்துப் போனது. மற்றவர்களிடம் ஒரு தடவையோடு விட்டவர்கள், இவளை மட்டும் ஏன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தாள்.

"எம் மேல அக்கறையா பாக்கறாங்க சிஸ்டர். தலைப்பிரசவமாச்சே" என்று பிஸ்கட் பாக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள்.

பிரசவ வலியோடு அவள் வந்தபோது, டூட்டி டாக்டர் வார்டு வாசலோடு நின்றுகொண்டார். கதவுக்கு உள்ளே காலே வைக்கவில்லை. "நீங்களே பாத்துடுங்க சிஸ்டர், நார்மல்தான்" என்று போய்விட்டார். நான் கொடியிலிருந்து எடுத்த கிளவுஸைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இடது கை ஆள்காட்டி விரலில் ஒட்டுப் போட்ட கிளவுஸ்.

மறுநாள் காலையில் மெத்தை எரிந்தது.

"அது கான்ஃபிடென்ஷியல்"

டூட்டி டாக்டரின் அறைக்கு நான் நடந்து போகவில்லை, ஓடினேன்.

"சார், நேத்தே உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்துக் காலையில போன் வந்துச்சு. பாசிட்டிவ்னு."

"என்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சிஸ்டர், அது கான்ஃபிடென்ஷியல்."

"மெத்தையை எல்லாரும் பாக்க வச்சுக் கொளுத்தறீங்களே, அது கான்ஃபிடென்ஷியலா?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "இன்ஃபெக்‌ஷன் பரவக்கூடாதில்ல?"

"மெத்தையால பரவாதுன்னு அந்த புரொஃபசர் சொன்னப்ப நீங்களும்தான் சார் முன் வரிசைல உக்காந்திருந்தீங்க. கிளவுஸ் ஓட்டையால பரவும்னும் சொன்னாரு. அது மட்டும் ஞாபகம் இருந்து வாசலோட நின்னுட்டீங்க."

சரி, அவளிடம் யார் சொல்வது என்று கேட்டேன்.

"ரிசர்ச் டீம் வரும்போது பாத்துக்குவாங்க. அவங்க கண்டுபிடிச்ச கேஸ்."

கேஸ். அந்த வார்த்தையை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று வீட்டுக்குப் போனதும் என் அம்மாவிடம் (நாங்கள் அம்மி என்போம்) எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் வாப்பாவுக்குத் தகர வேலைப் பட்டறை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அம்மி ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். என் கையில் ரத்தம் பட்டிருக்கலாம், எனக்கும் வரலாம் என்றேன். அம்மி ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றார். தினமும் சொல்கிற அதே வார்த்தை, தினமும் வைக்கிற அதே தட்டு. படித்த டாக்டர் வாசலில் நின்றதை நினைத்து அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அது தெரிய ரொம்ப நாளாயிற்று.

காட்டுக் காவல்

சாலாவிடம் நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்த பிறகு காத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"உன் ரத்தத்துல ஒரு கிருமி இருக்குது சாலா. கடலைக் காட்டுக்குப் பன்னி வராம காவல் இருப்பாங்க இல்ல? அந்தக் காவக்காரனையே அடிச்சுப் போடற கிருமி. காவக்காரன் போயிட்டா அப்புறம் எது வேணா உள்ள பூந்துடும்."

"இப்ப எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே."

"இப்ப ஒண்ணும் பண்ணாது. கொஞ்ச வருஷம் போவும்."

"புள்ளைக்கு?"

"தெரியல. உன் ரத்தத்தோட அடையாளம் புள்ளை ஒடம்புல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். அது போன பின்னாடி டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்."

"மருந்து?"

"இங்க இல்ல."

அவள் அழவில்லை. குழந்தையின் காதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பெண் குழந்தை. பிறகு கேட்டாள்: "அப்ப அவுங்க இத்தன நாளா எதுக்குங்க எங்கிட்ட ரத்தம் எடுத்தாங்க?"

காவல்காரர்கள் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணுவதற்கு. அதை நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்?

இங்கே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இந்நேரம் ஒரு கேள்வி வந்திருக்கும். அவளுக்கு எப்படி வந்தது? மாதுவுக்கும் இருந்ததா? யார் யாருக்குக் கொடுத்தது? ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஓர் ஆள் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். எழுத மாட்டேன்.

திரும்பி வந்த பால்

அவள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னால் மெத்தையின் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. வேடிக்கை பார்த்த வரிசையில் அந்தப் பக்கத்து ஆட்கள் இல்லாமலா இருப்பார்கள்?

மாது சைக்கிளில் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தான். பால் கேனோடு வந்திருந்தான். கேன் நிறைய பால்.

"சொசைட்டில வேணாண்ட்டாங்க சிஸ்டர்."

அவன் என்னிடம் அவ்வளவு பேசியதே பெரிசு. மீதியை நான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு வாங்கினேன். அவர்கள் ஊர் பால் சொசைட்டியில் எல்லோருடைய பாலையும் ஒரே பெரிய கேனில் ஊற்றுவார்கள். மாதுவின் பால் சேர்ந்தால் நாங்கள் எங்கள் பாலைக் கொண்டுவர மாட்டோம் என்று சில வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். செக்ரட்டரி கோவிந்தன் கெட்டவர் இல்லை. அவரும் என்ன செய்வார் என்று மாதுவே எனக்குச் சமாதானம் சொன்னான். மானாவாரிக் காடு மழையை நம்பி இருந்தது. அவர்கள் வீட்டு அடுப்பு பாலை நம்பி இருந்தது.

நான் அந்த ஊருக்குப் போனேன். பால் ஊற்ற வந்தவர்களிடம், தொட்டால் ஒட்டாது, மாட்டுப்பாலில் வராது என்று சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஓர் அம்மாள், "நீங்க நல்லது சொல்ல வந்தீங்க, சரிங்க. ஆனா டாக்டரே மெத்தைய கொளுத்தியிருக்காரே, அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்றாள்.

ஒரு டாக்டர் ஒரு தீக்குச்சியால் சொன்னதை நான் எத்தனை வாயால் சொன்னாலும் அழிக்க முடியவில்லை.

வாங்க ஆளில்லாத அந்தப் பாலைத்தான் சாலா குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுத்தாள். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஆராய்ச்சி டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வெளிநாட்டில் வேண்டாம் என்கிறார்கள், இங்கே என்ன சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை என்றார். முடிவாகிற வரை குழந்தைக்குப் பசிக்காதா? சாலாவே முடிவு செய்துகொண்டாள். மார்பில் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தாள். கொடுக்கவில்லை.

சாலாவின் நிபந்தனை

சில மாதம் கழித்து ஆராய்ச்சி டாக்டர் ஐஸ் பெட்டியோடு வந்தார். சாலா ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். வீடு காட்டுவதற்கு என்னைக் கூட்டிப்போனார்.

களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நலம் விசாரித்தார். பிஸ்கட் பாக்கெட்டை வைத்தார். கையில் கட்டுகிற ரப்பர் குழாயை எடுத்து அவள் கையைக் கேட்டார்.

சாலா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு என்னா மருந்து தர்றீங்க?"

"மருந்து ஒண்ணு வெளிநாட்டுல வந்திருக்கும்மா. முழுசா குணமாக்காது. இன்னும் இங்க வரலை. வந்தாலும் நம்மால வாங்க முடியாத விலை."

"எம் ரத்தம் மட்டும் எங்க வேணாலும் போவுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் களத்துக் கடலையைப் பார்த்தேன்.

"இந்த ஆராய்ச்சி பின்னாடி நிறையப் பேருக்கு உதவும்மா" என்றார் அவர்.

"உதவட்டும். நான் வேணாங்கல. எனக்கு இப்ப ஒரு உதவி பண்ணுங்க. எங்க ஊரு சொசைட்டில காலைல எல்லாரும் பால் ஊத்த வருவாங்க. அங்க வந்து, இது தொட்டா ஒட்டாது, பாலுல வராதுன்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு எங்க வூட்டுப் பாலை எல்லார் முன்னாடியும் குடிங்க. அப்புறம் எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

"அது என் வேலையில வராதும்மா. உங்க நோயைப் பத்தி வெளிய பேச எனக்கு அனுமதி இல்ல. ரகசியம் காக்கணும்."

"ரகசியமா? ஊருக்கே தெரியும். தெரியாதது ஒண்ணுதான். ஒட்டாதுன்னு தெரியாது. அத மட்டும் சொல்லுங்க."

"சிஸ்டர் வந்து சொன்னாங்களாமே?"

"சிஸ்டர் டவுன் பஸ்ஸுல வந்தாங்க. நீங்க ஜீப்புல வர்றீங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அவர் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். காலிப் பெட்டி. ஜீப்பில் திரும்பும்போது அவருக்கும் கோபம், எனக்கும் கோபம்.

"சிஸ்டர், கிராமத்துப் பெண்கள்ல ஆரம்பத்துலேர்ந்தே தொடர்ந்து பாக்கறது இவங்க ஒருத்தங்களத்தான். எதிர்ப்பு சக்தி எப்படி இறங்குதுன்னு நம்ம ஊர் ஆட்கள்கிட்ட யாருமே இன்னும் சரியா பாக்கலை. நடுவுல விட்டா எல்லாம் வீணாப்போயிடும். நீங்க அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க."

"நான் உங்ககிட்டத்தான் சார் எடுத்துச் சொல்லணும். அந்த ஒருத்தங்க கேட்டது ஒரு டம்ளர் பால் குடிக்கறது. அதுவும் அவங்க குடுக்கறது."

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

பால் சொசைட்டியில்

வந்தார். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த வாரமே, விடியற்காலையில், என்னையும் ஏற்றிக்கொண்டு நேராக சொசைட்டிக்கு ஜீப்பை விட்டார்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் வத்தல்மலை தெரியவே இல்லை. ஆட்கள் தூக்குப்போசியும் கேனுமாகத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சாலா குழந்தையோடு, மாது கேனோடு, வரிசையில் இல்லாமல் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

ஆராய்ச்சி டாக்டர் பேசினார். பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பேசினார். "இந்நோய்க்கிருமி தொடுதலாலோ உணவுப் பொருட்களாலோ பரவும் தன்மையுடையதன்று." வரிசை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குறுக்கே பேசினேன்: "தொட்டா ஒட்டாதாம். கூட உக்காந்து சாப்பிட்டா ஒட்டாதாம். அவங்க கறந்த பாலுல அது வராதாம். டாக்டர் சொல்றாரு."

"அப்ப அந்த மெத்தைய ஏன் கொளுத்தினாங்க?" என்று அதே அம்மாள் கேட்டாள்.

ஆராய்ச்சி டாக்டர் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். தன் இனத்தை விட்டுக்கொடுக்க எந்த டாக்டருக்கும் மனசு வராது. "அது தப்பு" என்றார். "கொளுத்தியிருக்கக் கூடாது." அந்த இரண்டு வரியை மட்டும் சாதாரணத் தமிழில் சொன்னார். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து டீக்கடை அடுப்பில் சாலா தன் கையாலேயே பாலைக் காய்ச்சினாள். தன் வீட்டு டம்ளரில் ஊற்றி, தன் கையால் நீட்டினாள். அவர் வாங்கினார். டம்ளரைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் நான் பார்த்தது பயம். எல்லாம் தெரிந்த மனுஷனுக்கே அந்த பயம் இருந்தது. பிறகு மடமடவென்று குடித்தார். சூடு நாக்கைச் சுட்டிருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்தது. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

செக்ரட்டரி கோவிந்தன் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். சாலாவின் பாலில் மிச்சம் இருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றித் தானும் குடித்தார். வாயைத் துண்டால் துடைத்தார்.

"கேனை எடுத்தா மாது" என்றார்.

சில வீட்டுக்காரர்கள் அன்றைக்குத் தங்கள் பாலைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் தனியாருக்கு ஊற்றினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

ஆராய்ச்சி டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சாலா சொசைட்டி பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "வூட்டுக்குப் போய் எடுத்துக்கலாம்மா" என்றார் அவர். "இங்கயே எடுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். நான் கிளவுஸ் போட்டுக்கொண்டு எடுத்தேன். புது கிளவுஸ். ஆராய்ச்சிக் குழுவிடம் அது பெட்டி பெட்டியாக இருந்தது.

அன்று ஊரே அவரைப் புகழ்ந்தது. பெரிய மனசு என்றார்கள். நான் மட்டும் புகழவில்லை. ஓர் உண்மையை அவர் வாயால் சொல்வதற்கு, பச்சை உடம்புக்காரி ஒருத்தி தன் ரத்தத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரிடம் அது ஏற்கெனவே இருந்த உண்மைதான். நகரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் அதைத் தன் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் ஜீப்பில் வந்து போனார். கேட்கிற வரை இறக்கி வைக்கத் தோன்றவில்லை.

வராமல் போனவர்கள்

குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு டெஸ்ட் செய்தார்கள். ஒன்றும் இல்லை. அந்தச் சேதியைக் கொண்டுபோன அன்று சாலா கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மண் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். என் வெள்ளைப் புடவையில் செம்மண் அப்பியது.

அதற்கப்புறம் ஜீப் வரவில்லை. பணம் முடிந்துவிட்டது, ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று கேள்வி. வரமாட்டோம் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அவள் கொஞ்ச காலம் எதிர்பார்த்தாள். "என்னாங்க சிஸ்டர், என் ரத்தம் சலிச்சுப் போச்சா?" என்று சிரித்தாள். பிறகு இளைத்தாள். இருமல் வந்தது, டி.பி. என்றார்கள். அதற்கு மருந்து இருந்தது, கொடுத்தோம். வாயெல்லாம் வெள்ளை படிந்து எச்சில் விழுங்க முடியாமல் போனது. அவளுடைய வெள்ளை அணுக்கள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அப்போது ஒருவரும் வரவில்லை. மாதுவின் மடியில் செத்தாள். அந்த ஊர்க்காரர்கள் அவளைத் தூக்கினார்கள். கோவிந்தனும் தோள் கொடுத்தார்.

அவள் மகள் எங்கே இருக்கிறாள் என்று எழுத மாட்டேன். நன்றாக இருக்கிறாள்.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுகிற காலம் நெருங்கும்போது, எய்ட்ஸுக்கான மாத்திரைகள் அரசு ஆஸ்பத்திரிகளுக்கே வரப்போகின்றன, இலவசமாகத் தரப்போகிறார்கள் என்று சொல்லி எங்களுக்குச் சேலத்தில் பயிற்சி வைத்தார்கள். சிறப்புப் பேச்சாளராக வந்தவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது. சட்டைக் கை மடிக்காத பழக்கம் அப்படியே இருந்தது. பெரிய பதவியில் இருந்தார்.

மருந்து இல்லாத காலத்தில் இந்த நோய் எப்படிப் போகும் என்று விளக்குவதற்கு ஒரு ஸ்லைடு போட்டார். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு கோடு இடப்பக்கம் மேலே ஆரம்பித்து மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பாதியில் ஒரு சின்ன வட்டத்தோடு நின்றது. அதற்கு வலப்பக்கம் வெறும் வெள்ளை.

"தர்மபுரி மாவட்டம். விவசாயக் குடும்பத்துப் பெண். கர்ப்ப காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்" என்றார். குச்சியால் அந்த வட்டத்தைத் தொட்டார். "துரதிர்ஷ்டவசமாக இதற்குப் பிறகு இந்த நோயாளி தொடர்பிலிருந்து விலகிவிட்டார்."

நான் எழுந்து நின்றேன். ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"அவங்க பேரு சாலம்மா சார்" என்றேன். "அவங்க எங்கயும் விலகிப் போகல. சாகற வரைக்கும் அதே வூட்லதான் இருந்தாங்க. உங்களுக்கு வழி தெரியும். நீங்கதான் வரலை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேரமாகிறது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அடுத்த ஸ்லைடு வந்தது.